தேடியவர் மீது பழி

குதிரை வைத்திருப்பவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் எழுதித் தயாராக இருக்கிறது. பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்றில் சால்மோனெல்லா பரவிவிட்டது, உள்நோயாளிப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும். “அங்கே சுத்தம் கிடையாது. கால் ஒடிந்த குதிரையைக் கொண்டுபோனால் கழிச்சலோடு திரும்பும்” என்பார்கள். பந்தயப் பயிற்சியாளர் சொல்வதும் அதுதான், வார இறுதியில் சவாரி செய்பவர் சொல்வதும் அதுதான். பக்கத்து ஊர் மருத்துவமனைக்காரர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் தன் இடத்தில் இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உள்ளூர நிம்மதி அடைவார். இந்தத் தீர்ப்பு தவறு என்பது மட்டும் என் கட்சி இல்லை. குதிரைகளைச் சாகடிக்கிற தவறு என்றே சொல்வேன்.

தீர்ப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சால்மோனெல்லா வெளியிலிருந்து நுழையும் கிருமி, சுத்தமான இடத்தில் அதற்கு வேலை இல்லை என்ற நம்பிக்கை. சரியாக வேகாத முட்டையும் நேற்றைய பிரியாணியும் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. சமையலறைக்குப் பொருந்தும். குதிரையின் வயிற்றுக்குப் பொருந்தாது.

குதிரையின் குருட்டுக்குடலும் பெருங்குடலும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். புல்லையும் வைக்கோலையும் அங்கே நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. குதிரை உயிர் வாழ்வதே பெரும்பாலும் அந்த அமிலங்களால்தான். அதே அமிலங்கள் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தலையெடுக்காமலும் அடக்கிவைக்கின்றன. ஆகவே ஒரு குதிரை கொஞ்சம் சால்மோனெல்லாவைச் சுமந்துகொண்டு, நன்றாகத் தின்று, நன்றாக ஓடி, ஒரு குறையும் காட்டாமல் திரிய முடியும். 1998-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை பல மாநிலங்களில் குதிரை லத்தியைச் சோதித்தபோது, நோயில்லாமல் வீட்டில் நிற்கும் குதிரைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவானவை கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தன. வயிற்றுவலி கண்டு மருத்துவமனைக்கு வந்த குதிரைகளில் இந்த விகிதம் நூற்றுக்கு ஒன்பது வரை பதிவாகியிருக்கிறது.

ஒன்று எப்படி ஒன்பதானது? உள்ளே அடங்கியிருந்ததை எழுப்பிவிடும் காரியங்கள் எவை என்று பார்த்தால் புரியும். லாரியில் நெடுந்தூரப் பயணம். அறுவைக்காகப் பட்டினி போடுவது; தீவனம் நின்றால் அந்தக் காவல் அமிலங்களும் குறைந்துவிடும். மயக்க மருந்து. தீவனத்தைத் திடீரென மாற்றுவது. குடலின் நல்ல நுண்ணுயிர்களைத் துடைத்துப்போடும் ஆன்டிபயாட்டிக். கோடை வெப்பம். வயிற்றுவலியே தன்னளவில் ஒரு காரணம். இவ்வளவும் ஒரே குதிரைக்கு ஒரே நாளில் நடக்கிற இடம் மருத்துவமனை ஒன்றுதான். சாகக்கிடக்கும் குதிரைகளை ஏற்றுக்கொள்ளும் எந்த மருத்துவமனைக்குள்ளும் சால்மோனெல்லா வந்தே தீரும். வாசலில் தோரணம் கட்டி வரவேற்காவிட்டாலும் வரும்.

“அப்படியென்றால் வாசலிலேயே சோதித்து, இருப்பதை வெளியே நிறுத்துங்களேன்” என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சால்மோனெல்லா தொடர்ந்து வெளியேறாது. இன்று லத்தியில் இருக்கும், நாளை இருக்காது, நாளன்றைக்கு மறுபடி இருக்கும். அதனால்தான் தனித்தனி நாட்களில் எடுத்த ஐந்து மாதிரிகள் வரை பார்க்காமல் ஒரு குதிரையைச் சுத்தம் என்று சொல்லக்கூடாது என்பது வழக்கமான விதி. தண்ணீராகக் கழியும்போது கிருமி கரைந்து நீர்த்துப்போவதால், நோய் உச்சத்தில் இருக்கும் குதிரையின் மாதிரியே சில நேரம் ‘இல்லை’ என்று காட்டும். வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். பிசிஆர் சோதனை வேகமானது. ஆனால் செத்த கிருமியின் மரபுப்பொருளையும் அது ‘உண்டு’ என்றே சொல்லும். குடல் முறுக்கிக்கொண்ட குதிரைக்கோ சில மணி நேரம்தான் கெடு. ஐந்து நாள் காத்திருந்து சான்றிதழோடு வா என்று அதனிடம் யார் சொல்வது?

ஆகவே கிருமி உள்ளே வருவதைக் குற்றமாக எழுத முடியாது. உள்ளே வந்தபின் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வேறு விஷயம். அதில் மருத்துவமனைக்குப் பொறுப்பு உண்டு, முழுப் பொறுப்பும் உண்டு. எதிர்க்கட்சியின் பலமான வாதமும் அங்கேதான் நிற்கிறது. அதை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொண்டு பேசுவதுதான் முறை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கென்னட் ஸ்குவேர் என்ற ஊரில் நியூ போல்டன் மையம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியின் பெருவிலங்கு மருத்துவமனை அது. குதிரை அறுவை சிகிச்சையில் உலகத்தின் முன்வரிசையில் இருப்பது. 2004-ல் அங்கே சால்மோனெல்லா நியூபோர்ட் என்ற வகை பரவியது. ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், செஃப்டியோஃபர் என்று வரிசையாகப் பல மருந்துகளுக்கு அடங்காத ரகம். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அமெரிக்கப் பால்பண்ணை மாடுகளில் தலைகாட்டியிருந்தது. மொத்தம் 61 விலங்குகளிடம் அந்த ரகம் கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்டவற்றில் 36 சதவீதத்துக்குச் சற்று மேல் இறந்தன. மருத்துவமனையை மூடினார்கள், மூடியது மாதக்கணக்கில் நீடித்தது. கிருமிநீக்கம், கட்டடச் சீரமைப்பு, தொற்றுக்கட்டுப்பாட்டு ஏற்பாட்டை அடியிலிருந்து திருத்தி அமைப்பது, நின்றுபோன வருமானம் எல்லாம் சேர்ந்து நஷ்டம் 41.2 லட்சம் டாலர்.

இதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். ஆனால் இந்த எண்களை நமக்குச் சொன்னவர் யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. எந்தப் பத்திரிகையாளரும் துப்பறிந்து கண்டதில்லை இது; எந்த நீதிமன்றமும் பிடுங்கி எடுத்ததில்லை. அந்த மருத்துவமனையின் மருத்துவர்களே கணக்கெடுத்து, எத்தனை செத்தன, எவ்வளவு செலவு என்று 2010-ல் ஆய்விதழில் தங்கள் பெயரைப் போட்டு அச்சிட்டார்கள். 61 என்ற எண்ணிக்கையே அவர்கள் தேடியதால் கிடைத்தது. கழிச்சல் கண்ட குதிரையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எண் சிறியதாக இருந்திருக்கும், செய்தியும் சின்னதாக முடிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. “பல குதிரைகளில் ஒரே ரகம் இருந்ததே, அதுவே மருத்துவமனையின் குற்றத்துக்குச் சாட்சி” என்கிறார்கள். சரியான வாதம். ஐந்து குதிரைகளில் ஐந்து வெவ்வேறு ரகம் என்றால் ஒவ்வொன்றும் தன்னுடையதைக் கூடவே கொண்டுவந்தது. ஐந்திலும் ஒரே ரகம், ஒரே எதிர்ப்புத்திறன், ஒரே மரபுக் கைரேகை என்றால் மருத்துவமனைக்குள்ளே கைமாறியது. ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால் யாராவது ஒவ்வொரு குதிரையின் லத்தியையும் வளர்த்துப் பார்த்து, கிருமியைப் பிரித்து, வகை குறித்து, பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். குற்றத்தை நிரூபிக்கிற ஒரே சாட்சி குற்றம்சாட்டப்பட்டவரின் ஆய்வகத்திலேயே இருக்கிறது. அந்த ஆய்வகம் இல்லாத மருத்துவமனைக்கு எதிராக ஒரு குற்றமும் நிரூபணமாகாது. அதைத்தான் நாம் ‘நல்ல பெயர்’ என்கிறோம்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும் 1996-ல் இதே பாடுபட்டது. அங்கே வந்தது சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ். பிற்பாடு, கால்நடை மருத்துவமனைகளில் தொற்றுக்கட்டுப்பாடு எப்படி இருக்கிறது என்ற விரிவான கணக்கெடுப்பைச் செய்தவர்களும் அதே பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் 38 போதனை மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களிடம் கேட்டார்கள். முந்தைய ஐந்து ஆண்டுகளில் மருத்துவமனைக்குள் தொற்று பரவியது உண்டு என்று 31 மருத்துவமனைகள் ஒப்புக்கொண்டன. 17 மருத்துவமனைகளில் அது ஒருமுறைக்கு மேல் நடந்திருந்தது. 22 மருத்துவமனைகள் நோயாளிகளை ஏற்பதைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. 12 மருத்துவமனைகள் ஏதேனும் ஒரு பிரிவை முழுமையாக மூடின. பெரும்பாலும் அகப்பட்ட கிருமி சால்மோனெல்லா.

‘பரவினால் மோசமான மருத்துவமனை’ என்ற அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். பேராசிரியர்களும் ஆய்வகங்களும் நிறைந்த, அந்தத் துறையின் உச்சியில் இருக்கிற மருத்துவமனைகளில் ஐந்தில் நான்கு மோசம் என்றாகும். மிச்சமிருக்கும் ஏழுக்கு ஓட வேண்டுமா? அந்த ஏழும் உண்மையிலேயே கட்டுப்பாடு மிகுந்தவையா, அல்லது தேடாதவையா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. எல்லாரையும் தோற்கடிக்கிற ஓர் அளவுகோலால் யாரையும் தரம்பிரிக்க முடியாது.

இப்படிப்பட்ட கணக்குகளைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது இந்தக் கிருமியின் பழைய கதை. 1885-ல் அமெரிக்க அரசின் கால்நடைத் துறையில் டேனியல் சால்மன் தலைவர்; ஆய்வைச் செய்தவர் அவருக்குக் கீழே இருந்த தியோபால்ட் ஸ்மித். (உழைத்தவர் ஸ்மித், பெயர் நின்றது சால்மனுக்கு. அலுவலகங்கள் அன்றைக்கும் அலுவலகங்கள்தான்.) பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலராவுக்குக் காரணம் தேடியவர்கள், செத்த பன்றிகளின் குடலில் ஒரு கிருமியைக் கண்டு, இதுவே கொலைகாரன் என்று அறிவித்தார்கள். இருபது ஆண்டுகள் போலக் கழித்துத்தான் அந்தப் பன்றி நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று தெரிந்தது. சால்மோனெல்லா அங்கே, ஏற்கெனவே துவண்டுபோன குடலில் கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அகப்பட்ட இடத்தையே ஆதி என்று முடிவுகட்டும் அவசரம் இந்தக் கிருமியின் வரலாற்றில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. லாயத்தில் அமைதியாக இருந்தது மருத்துவமனையில் அகப்பட்டால், பிறந்ததே மருத்துவமனையில் என்கிறோம்.

சரி, சுத்தம்? சுத்தத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஃபினாயில் வாசனையைத்தான் சுத்தம் என்கிறார்கள். கிருமிநாசினியை வாளி வாளியாக ஊற்றினால் போதும் என்பது இந்த விஷயத்தில் நிலவும் இரண்டாவது மூடநம்பிக்கை. பிளீச்சிங் திரவம் லத்தி மேலோ வைக்கோல் மேலோ பட்டால் சக்தியிழந்து வெறும் நீராகிவிடும். முதலில் எல்லாவற்றையும் அள்ளிப் போட வேண்டும், சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவ வேண்டும், அலச வேண்டும், காயவிட வேண்டும், அதற்குப் பிறகே கிருமிநாசினி, அதுவும் குறித்த நேரம் ஊறும்படி. அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் பார்க்க அமர்க்களமாக இருக்கும். பக்கத்துக் கொட்டடிக்குத் திவலையாகக் கிருமியைத் தூவவும் செய்யும். சிமெண்ட் தரையின் கீறல், ரப்பர் விரிப்பின் அடிப்பக்கம், வடிகால், மூக்குவழி வயிற்றுக்குள் விடும் குழாய், குதம் வழி வைக்கும் வெப்பமானி, லத்தி அள்ளிய அதே தள்ளுவண்டியில் ஏற்றும் புல் என்று சால்மோனெல்லா தங்கும் இடங்கள் பலவும் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். காய்ந்த தூசியில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுத்தமாகத் தெரிகிற கொட்டடி சுத்தமா என்று சொல்லக் கண்ணால் ஆகாது. தரையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரியை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கேயும் தேடுபவருக்கே அழுக்கு அகப்படும்.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு வார்த்தை. கழிச்சல் என்றதும் ‘வலுவான ஊசியாகப் போடுங்கள்’ என்று உரிமையாளர் நெருக்குவதும், மறுத்தால் மருத்துவருக்குத் திறமை போதாது என்று பேசுவதும் எங்கும் உள்ளது. கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டுகளில் போய்த் தங்கும் அபாயம் உள்ள குட்டிகளுக்கு அது தேவை; விவாதமே இல்லை. வளர்ந்த குதிரையின் குடல் அழற்சியை அது பெரும்பாலும் குறைப்பதில்லை. இருந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொன்று, மருந்துக்கு அடங்காத ரகத்துக்கு வழிவிடுகிறது. குதிரையைக் காப்பாற்றுவது ஒரு நாளைக்குப் பல பத்து லிட்டர் கணக்கில் ஏற்றும் திரவமும், நச்சைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும், குளம்பழற்சி வராமல் கால்களைப் பனிக்கட்டியில் வைத்துப் பாதுகாக்கும் பொறுமையும்தான். இவை எதற்கும் அந்த ஒரு ஊசியின் கவர்ச்சி கிடையாது.

இனி இந்தத் தீர்ப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரண்டு மருத்துவமனைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாவது, வயிற்றுவலியோடு வரும் ஒவ்வொரு குதிரையின் லத்தியையும் அனுமதித்த நாளிலிருந்து சோதிக்கிறது. தரையையும் மாதந்தோறும் சோதிக்கிறது. மூன்று குதிரைகளில் ஒரே ரகம் தெரிந்ததும் பிரிவை மூடி, குதிரை அனுப்பிய மருத்துவர்களுக்கெல்லாம் எழுதுகிறது. இரண்டாவது எதையும் சோதிப்பதில்லை. அங்கே கழியும் குதிரைக்குப் ‘பயண அலுப்பு’, ‘தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதி, கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அது வாரக்கணக்கில் கிருமியைக் கொட்டுகிறது. அதே லாயத்தில் சினைக்குதிரைகளும் குட்டிகளும் நிற்கின்றன. லத்தி அள்ளிவிட்டுக் கை கழுவாமல் சோறு தின்னும், குதிரை பராமரிக்கும் சையிஸின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அதைக் குதிரையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நம் தீர்ப்பின்படி முதலாவது அழுக்கு, இரண்டாவது தங்கம். இதைப் பார்க்கும் மூன்றாவது மருத்துவமனையின் நிர்வாகி எதைக் கற்றுக்கொள்வார்?

போதாததற்குக் காசு விவகாரம். வளர்ப்புச் சோதனைக்குச் செலவாகும். ஐந்து முறை என்றால் ஐந்து மடங்கு. “என் குதிரைக்குக் கழிச்சலே இல்லை, இந்தச் சோதனை எதற்கு?” என்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுபவரும், நோய் பரவியது என்றதும் “சோதிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?” என்று கொதிப்பவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.

நான் மருத்துவமனைகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கண்டிக்கத் தகுந்தவை நிறைய இருக்கின்றன. காய்ச்சல், கழிச்சல், இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருப்பது என்ற மூன்றில் இரண்டு தெரிந்த குதிரையை, சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அந்தக் கணமே தனிக்கட்டடத்துக்கு மாற்றாத மருத்துவமனை கண்டிக்கத் தகுந்தது. தனிக்கட்டடத்துக்கும் பொதுக் கொட்டடிக்கும் ஒரே பணியாளரை ஒரே காலணியோடு நடக்கவிடுவது கண்டிக்கத் தகுந்தது. முதல் இரண்டு குதிரைகளில் ஒரே ரகம் வந்தபோது தற்செயல் என்று ஒதுக்கி, பத்தாவது குதிரையில் விழித்துக்கொள்வதும் அப்படியே. குதிரை அனுப்பிய ஊர் மருத்துவரிடம் மறைப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். இவை எல்லாமே பரவிய பிறகு நடந்துகொண்ட விதத்தைப் பற்றிய கேள்விகள். பரவியதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியால் இவற்றில் ஒன்றையும் பிடிக்க முடியாது.

நியூ போல்டன் மூடப்பட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006 மே 20 அன்று, அவ்வாண்டின் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரை ப்ரீக்னெஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கி நின்றது. பணத்துக்கோ தேர்வுக்கோ பஞ்சமில்லாத உரிமையாளர்கள். அன்றிரவே அவர்கள் அதை ஏற்றி அனுப்பிய இடம் நியூ போல்டன்தான். எட்டு மாதங்கள் அங்கே இருந்தது. கடைசியில் 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது குளம்பழற்சியால். சால்மோனெல்லாவுக்கு அதில் பங்கில்லை. பந்தய உலகின் வாய்ப்பேச்சு என்னவாக இருந்தாலும், விலைமதிப்பற்ற குதிரை சாகக்கிடந்த இரவில் முடிவெடுத்தவர்கள் அந்த வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் குதிரைக்கு மருத்துவமனை தேட நேர்ந்தால், ‘உங்களிடம் சால்மோனெல்லா வந்ததுண்டா?’ என்று கேளுங்கள். வந்ததே இல்லை என்றால், எத்தனை குதிரைகளைச் சோதித்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். தனிக்கட்டடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்ப்பவர் வேறு எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரியுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது குதிரை கிருமியை வெளியேற்றுகிறதா இல்லையா என்பதை எழுத்தில் தருவார்களா என்றும் கேளுங்கள். வெளியேற்றுகிறது என்று அவர்கள் எழுதித் தந்தால், அந்தக் காகிதத்தை மற்றவர்களிடம் காட்டி மருத்துவமனையைத் திட்டுவதற்கு முன்னால், வாரக்கணக்கில் அந்தக் குதிரைக்குத் தனி லாயம், தனி வாளி, தனி மண்வெட்டி என்று ஒதுக்குங்கள். அந்த வாரங்களில் குட்டிகளுக்குத் தீவனம் வைப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும்.